புகைக்குச் சான்று, உயிருக்கு யார் சான்று?

பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பும்பொழுது அதன் முன்சக்கரம் மடிந்து மட்காட்டின் கீழே சாய்ந்தது. வண்டி சென்றது மாட்டுவண்டியின் வேகத்தில். ஆதலால் உயிர்ச்சேதம் இல்லை. அவ்வண்டியைச் சில நாட்களுக்கு முன்னர் விலைக்கு வாங்கியவர் சட்ட ஆலோசனை கேட்டு எம்மிடம் வந்தார். வரும்பொழுது ஒரு பத்திரத்தையும் கையோடு கொண்டுவந்தார். மூன்று வாரங்களுக்கு முன் அக்காருக்கு வழங்கப்பட்ட புகைச் சான்றிதழே அது. "சோதனையில் தேறிய வண்டி அல்லவா, ஐயா? பின் எப்படிச் சக்கரம் மடியும்?" என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான விடை வெட்கத்துக்குரியது. அரசாங்கம் சோதித்தது அவருடைய வண்டியின் புகைக்குழாயை, சக்கரத்தை அல்ல. பிறேக்கை அல்ல, ஸ்ரியறிங்கை அல்ல. அவரும் அவர் மனைவி மக்களும் எந்தத் தகட்டின்மேல் அமர்ந்து செல்கிறார்களோ அந்தத் தகட்டையும் அல்ல. புகையைச் சோதித்துவிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். சான்றிதழைக் கண்டவர் வண்டியையே சோதித்துவிட்டார்கள் என்று நம்பினார். இந்த நம்பிக்கையைத் தந்த சட்டத்தைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

சட்டம் கேட்பதும் கேளாததும்

இந்நாட்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும். பன்முறை திருத்தப்பட்டும் அதுவே இன்றும் அடிப்படை. லொறிக்கும் பயணிகள் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். அது சரியே. ஆனால் தனியார் கார் ஒன்றுக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறச் செல்பவரிடம் கேட்கப்படுபவை எவை? காப்புறுதிப் பத்திரம் ஒன்று. 2008இல் தொடங்கப்பட்ட புகைச் சோதனையின் சான்றிதழ் மற்றொன்று. பணத்தைக் கட்டினால் அனுமதி கிடைத்துவிடும். அந்தக் காருக்கு வயது இரண்டாயினும் எழுபதாயினும், "மிதித்தால் நிற்குமா?" என்று கேட்பார் எவருமில்லை.

புகையைச் சோதிப்பது தவறு என்று நாம் கூறவில்லை. காற்று எல்லோருக்கும் பொதுச் சொத்து. அதை நஞ்சாக்க எவருக்கும் உரிமை கிடையாது. ஆயினும் வீதியில் நடப்பவனின் மூச்சைக் காக்க முன்வந்த சட்டம், அவனுடைய முள்ளந்தண்டைக் காக்க ஏன் முன்வரவில்லை என்று கேட்கவே செய்வோம்.

இவ்வண்டி பிறந்த நாட்டில்

மொறிஸ் மைனர் 1948இல் இலண்டனில் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1971 வரையில் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுவே. அந்நாட்டு மருத்துவிச்சியும் தபாற்காரனும் பாதிரியாரும் ஓட்டிய கார் இது. எமது நாட்டில் பள்ளிக்கூட ஆசிரியரும் அப்போதிக்கரியும் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய காரும் இதுவே.

அந்நாட்டவர் என்ன செய்தார்கள்? 1956ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் அதிகாரம் பெற்று, 1960 செப்ரெம்பரில் கட்டாயச் சோதனையைத் தொடங்கினார்கள். ஏர்னெஸ்ற் மார்பிள்ஸ் அப்பொழுது போக்குவரத்து அமைச்சர். பத்து வயதைக் கடந்த வண்டிகளே முதலில் அழைக்கப்பட்டன. சோதிக்கப்பட்டவை மூன்று: பிறேக், விளக்கு, ஸ்ரியறிங். விளைவு யாது? தவறிய வண்டிகளின் தொகை அரசாங்கத்தையே திடுக்கிடச் செய்தது. அடுத்த ஆண்டே, 1961இல், வயதெல்லை ஏழாகக் குறைக்கப்பட்டது. 1967இல் அது மூன்றாகியது. 1968இல் ரயர் சேர்க்கப்பட்டது. 1977இல் உடற்கட்டின் உறுதியும் சோதனைக்குள் வந்தது. பெற்றோல் வண்டியின் புகையை அளக்கத் தொடங்கியது 1991இலே.

இந்த வரிசையை வாசகர்கள் ஊன்றி நோக்கவேண்டும். அவர்கள் பிறேக்கில் தொடங்கி, முப்பத்தொரு ஆண்டுகளின் பின் புகைக்கு வந்தார்கள். நாமோ புகையில் தொடங்கிப் புகையிலேயே நின்றுவிட்டோம்!

இன்னும் கேளுங்கள். 1975 ஓகஸ்ற்றுக்கு முன் ஓடத் தொடங்கிய பெற்றோல் கார் ஒன்று அந்நாட்டுச் சோதனைக்குப் போனால், அதன் புகையைக் கருவிகொண்டு அளப்பதில்லை. அளவுகடந்து புகைக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு சரி. ஆனால் பிறேக்கை அளந்தே தீர்வார்கள். கால்பிறேக்கின் பிடி வண்டியின் எடையில் 50 சதவீதமேனும் இருத்தல் வேண்டும். மொறிஸ் மைனரைப்போல ஒரே குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் பிறேக் செல்லும் வண்டியாயின், கைப்பிறேக் 25 சதவீதம் காட்டவேண்டும். இரட்டை வழி உடைய வண்டிக்கு 16 சதவீதம் போதும். ஏன் இந்த வேறுபாடு? ஒரே குழாய் அறுந்தால் கைப்பிறேக் ஒன்றே துணை. ஆகையால் அந்தத் துணை வலுவாக இருக்கவேண்டும் என்பது நியாயம். பழைய வண்டியின் பலவீனத்தை அறிந்து அதற்கேற்ப விதி வகுத்திருக்கிறார்கள். சட்டம் செய்வது என்றால் இதுவே.

தவறுவது எங்கே?

பழைய கார் எங்கெங்கு தவறும் என்பது மறைபொருள் அன்று. ஒவ்வோர் இனத்துக்கும் அதற்குரிய நோய் உண்டு. மொறிஸ் மைனரின் நோய்களை நல்ல மெக்கானிக் எவரும் விரல்விட்டு எண்ணுவார்.

முதலாவது, நாம் தொடக்கத்தில் கூறிய முன்சக்கர மூட்டு. சக்கரத்தைத் தாங்கும் நிலைத்தண்டின் கீழ்முனை மரையிடப்பட்டது. அது ட்ரனியன் எனப்படும் மூட்டினுள் திருகாணிபோல் அமர்ந்திருக்கிறது. ஸ்ரியறிங்கைத் திருப்புந்தோறும் மரையோடு மரை உராய்கிறது. ஆயிரம் மைலுக்கொருமுறை அங்கே கிறீஸ் செலுத்தவேண்டும் என்பது பழைய சாரதிமாரின் வேதம். கிறீஸ் வற்றினால் மரை தேயும், தேய்ந்த மரை ஒருநாள் பிடியை விடும், சக்கரம் மடியும். சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி, மேலும் கீழும் பற்றி ஆட்டிப் பார்த்தால் இத்தேய்வு சில நிமிடங்களில் புலப்படும். அந்தச் சில நிமிடங்களைச் செலவிடச் சட்டம் எவரையும் பணிக்கவில்லை.

இரண்டாவது, பிறேக். இக்காரின் பிரதான பிறேக் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழே ஒளிந்திருக்கிறது. விரிப்பை நீக்கி மூடியைக் கழற்றினாலன்றி அதன் எண்ணெய் மட்டத்தைக் காணமுடியாது. காணமுடியாததைக் கவனிப்பார் குறைவு. எண்ணெய் சிறிது சிறிதாகக் கசியும். மிதி நாள்தோறும் சிறிது ஆழமாக இறங்கும். சாரதியின் காலும் அதற்குப் பழகிக்கொள்ளும். மழை நாளில் சைக்கிளில் வரும் பள்ளிப்பிள்ளை குறுக்கிட்ட பின்னரே எண்ணெய் இல்லை என்பது தெரியவரும்.

மூன்றாவது, கறள். இவ்வண்டிக்குத் தனியான சட்டகம் இல்லை; உடலும் தரையும் ஒன்றாக இணைந்தே பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே கதவடித் தகடு, பின் வில்லுகள் மாட்டப்பட்டிருக்கும் இடம், குறுக்குச் சட்டம் ஆகியவற்றில் கறள் பிடித்தால் அது அழகுக்குறை அன்று, எலும்புருக்கி நோய். வண்டியின் பிறேக், ஸ்ரியறிங், வில்லு முதலியன மாட்டப்பட்ட இடங்களிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் தகட்டின் வலிமையைக் குன்றச்செய்யும் கறள் இருப்பின் பிரித்தானியச் சோதனையில் அவ்வண்டி தவறிவிடும். ஓட்டையைக் களிம்பால் அடைத்துப் பெயின்ற் பூசினாலும் செல்லாது. நல்ல தகடு வைத்து முறையாக வெல்ட் செய்யவேண்டும். 'ட்ரவலர்' எனப்படும் மரச்சட்டம் பொருந்திய வகையில் அம்மரமும் பாரம் தாங்கும் உறுப்பே. அது உக்கினால் காரும் உக்கியதாகவே கொள்ளப்படும்.

எமது தீபகற்பத்தை எண்ணிப் பாருங்கள். மூன்று பக்கமும் உப்புநீர். பண்ணைத் தாம்போதியால் தீவுப்பகுதிக்குப் போய்வரும் வண்டிமீது கடற்காற்று நாள்தோறும் உப்பைத் தூவுகிறது. கறள் விரைந்து வளரும் இம்மண்ணில் கறளைத் தேடிப் பார்க்கும் கடமை ஒருவருக்கும் இல்லை. விற்பவர் களிம்பு பூசுகிறார். வாங்குபவர் பளபளப்பைப் பார்க்கிறார். அரசாங்கம் புகையைப் பார்க்கிறது.

மறுப்புக்கு மறுப்பு

இதற்கு மூவகையான மறுப்பு எழும் என்பதை நாம் அறிவோம்.

"பிரித்தானியாவே பழைய வண்டிக்கு விலக்களித்துவிட்டதே" என்பது முதலாவது. உண்மை. 2012 நவம்பரில் 1960க்கு முற்பட்ட வண்டிகளுக்கும், 2018 மேயில் நாற்பது வயதைக் கடந்த வண்டிகளுக்கும் அங்கே கட்டாயச் சோதனை நீக்கப்பட்டது. எல்லா மொறிஸ் மைனரும் இவ்விலக்கின் வயதுக்குள் வந்துவிட்டன. ஆனால் எந்தக் காரணத்தால் நீக்கினார்கள்? 2012இல் அவ்வரசாங்கம் காட்டிய கணக்கு இது: 1960க்கு முற்பட்ட வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்டுக்கு 500 மைலும் ஓடுவதில்லை, சோதனையில் அவற்றுள் தவறுவன 10 சதவீதத்துக்கும் குறைவு, பிந்திய வண்டிகளில் தவறுவனவோ 30 சதவீதத்துக்கு மேல். அதாவது, அங்கே பழைய கார் ஞாயிற்றுக்கிழமை வெய்யிலில் துடைத்து வைக்கப்படும் செல்லப்பிள்ளை. இங்கே அது குடும்பத்தைச் சுமக்கும் மாடு. கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் சந்தைக்கும் ஓடுகிறது. ஆண்டுக்கு 500 மைல் ஓடும் வண்டிக்குக் கொடுத்த விலக்கை, ஒரு மாதத்திலேயே அவ்வளவு ஓடும் வண்டிக்கு எடுத்துக்காட்டுவது எவ்வகை வாதம்?

மேலும், விலக்குப் பெற்ற வண்டியும் ஆபத்தான நிலையில் வீதிக்கு வந்தால் அது அங்கே குற்றமே. கடந்த 30 ஆண்டுகளுக்குள் பிரதான உறுப்புகள் பெரிதும் மாற்றப்பட்டிருந்தால் விலக்கே கிடையாது. போர்க்காலத்தில் வேறு வண்டிகளின் உறுப்புகளைக் கடன்வாங்கி உயிர்பிழைத்த எமது கார்களுள் எத்தனை இந்த நிபந்தனையில் தேறும்? அன்றியும், அறுபது ஆண்டுகளுக்கு அண்மையான காலம் சோதித்துச் சோதித்து ஒழுங்குக்கு வந்த சமுதாயம் ஒரு விதியைத் தளர்த்துவது வேறு. ஒருநாளும் சோதியாத சமுதாயம் அதே தளர்வைக் கேட்பது வேறு.

இரண்டாவது மறுப்பு எம்மவரிடமிருந்தே வருகிறது. "சண்டைக்குள்ளே ஓடின காருக்கு இப்ப என்ன சோதனை?" என்கிறார்கள். அந்தப் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1990இன் பின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை வந்து, பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகமும் தடைப்பட்டபொழுது, ஒஸ்ரின் ஏ-40களும் கேம்பிறிட்ஜ்களும் மொறிஸ் மைனர்களுமே எமக்கு வாகனமாயின. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பிரசவ வேதனையில் துடித்த பெண்ணையும் செல்விழுந்து காயப்பட்டவரையும் சுமந்தன அவ்வண்டிகள். அவற்றை ஓடச்செய்த மெக்கானிக்மார் எம் வணக்கத்துக்குரியவர்கள்.

ஆனால் அன்று பிறேக் இல்லாத காரை ஓட்டியது, வேறு வழி இல்லாமையால். தடை எம்மீது சுமத்திய குறையை நாமே பாரம்பரியமாக்கிப் பாராட்டுவது விவேகமா? வீதியும் மாறிவிட்டது. அன்று வெறிச்சோடிக் கிடந்த வீதியில் இன்று வான்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடித்து விரைகின்றன. போரில் உயிர்காத்த வண்டி அமைதிக்காலத்தில் ஒரு குழந்தையைக் கொல்லுமானால், அதன் பழைய புகழ் அத்தாயின் கண்ணீரைத் துடைக்காது. அவ்வண்டியை உண்மையாக நேசிப்பவர் அதன் ட்ரனியனுக்குக் கிறீஸ் கொடுக்கட்டும். பிறேக் எண்ணெயைப் பார்க்கட்டும்.

மூன்றாவது மறுப்பு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. "பழைய வண்டிகளை எல்லாம் உடைத்து இரும்புக்கு விற்றுவிடுங்கள், வயதெல்லை வைத்துத் தடைசெய்யுங்கள்" என்கிறார்கள் குளிரூட்டிய அறையில் இருப்போர். புதுக் கார் வாங்கும் வசதி அவர்களுக்கு உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் காருக்கு அது மீளத் திறக்கப்பட்டது 2025இலே. அந்த ஐந்தாண்டுகளில் பாவித்த காரின் விலை எங்கே ஏறியது என்பதை எல்லோரும் அறிவர். சாதாரண குடும்பம் பழைய காரைக் கட்டியழுவது ஆசையால் மட்டுமன்று. அன்றியும் வயது குற்றமன்று. மேலே காட்டிய பிரித்தானியக் கணக்கே அதற்குச் சாட்சி: பேணப்பட்ட கிழவண்டி, பேணப்படாத இளவண்டியைவிட நன்றாகத் தேறியது. ஆதலால் பிறந்த ஆண்டைப் பார்த்துத் தண்டிப்பதை நாம் எதிர்ப்போம். இன்றைய நிலையைப் பார்த்துத் தீர்ப்பளிப்பதை வரவேற்போம்.

நாம் கோருவது

வெறுங் கண்டனத்தோடு நிறுத்திக்கொள்வது எமது வழக்கமன்று. ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

ஒன்று: ஆண்டுதோறும் புகை பார்க்கும் இடத்திலேயே, அல்லது அதனோடு இணைந்த இடத்தில், பிறேக், ஸ்ரியறிங், சக்கர மூட்டு, ரயர், விளக்கு, தரைத்தகடு ஆகியவற்றையும் பார்க்கவேண்டும். அதற்கு வேண்டியவை ஒரு குழி, ஒரு பிறேக் அளவுகருவி, நேர்மையான ஒரு மனிதர். இவை மூன்றும் இந்நாட்டுக்கு எட்டாதவை அல்ல.

இரண்டு: வண்டி செய்யப்பட்ட காலத்துக்கேற்ற அளவுகோல் வேண்டும். 1965க்கு முற்பட்ட காருக்கு இருக்கைப் பட்டி கட்டாயமில்லை என்று பிரித்தானியச் சட்டம் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் பிறேக்கில் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வேறுபாட்டை எமது விதியும் அறியவேண்டும்.

மூன்று: தவறிய வண்டிக்குக் குறையை எழுதிக்கொடுத்துத் திருத்த அவகாசம் தரவேண்டும். 2018 முதல் பிரித்தானியச் சோதனையில் குறைகளை ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என வகுக்கிறார்கள். ஆபத்தான குறையுள்ள வண்டி வீதிக்குப் போகக்கூடாது. சிறிய குறையுள்ளது தேறிவிடும். அத்தகைய வகுப்பு இல்லையேல் சோதனை கையூட்டுக்கு வாசலாகிவிடும்.

நான்கு: சோதனையின் முடிவுகள் பகிரங்கமாக இருக்கவேண்டும். அங்கே ஒரு வண்டியின் இலக்கத்தைக் கொண்டு அதன் முந்திய சோதனைகளில் தவறியது எது, தேறியது எது என்று எவரும் பார்க்கலாம். இங்கும் அவ்வாறிருந்தால், எம்மிடம் வந்த அந்த மனிதர் களிம்புக்கும் பெயின்றுக்கும் தம் சேமிப்பைக் கொடுத்திருக்கமாட்டார்.

ஐந்து: குறைப்பத்திரம் தமிழில் எழுதப்படவேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. இதை நாம் சலுகையாகக் கேட்கவில்லை. தன் வண்டியில் உயிரைக் கொல்லக்கூடிய குறை எது என்பதை ஒருவன் தனக்குத் தெரியாத மொழியில் வாசிக்க நேர்ந்தால், அந்தச் சோதனை அவனைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

ஆறு: வாகன அனுமதிக் கட்டணம் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்தின் வருவாய். வடக்கில் திரட்டப்படும் அப்பணத்தின் ஒரு பங்கிலேனும் வடக்கில் சோதனைக் குழிகள் வெட்டப்படட்டும். வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இன்றியே ஆண்டுகள் பல கழிந்தன. கட்டணத்தைத் திரட்டத் தவறாத ஆட்சி, அக்கட்டணத்துக்குக் கணக்குக் கேட்கும் சபையைக் கூட்டமட்டும் தவறியது. பிறேக் இல்லாத வண்டியும் பிரதிநிதி இல்லாத மாகாணமும் ஒரு வகையில் ஒன்றே: இரண்டையும் நிறுத்துவதற்கு உள்ளிருப்பவன் கையில் ஒன்றுமில்லை.

ஒன்றைமட்டும் இறுதியாகக் கூறி அமைகிறோம். சோதனை மந்திரமன்று. பிரித்தானியச் சான்றிதழும் சோதித்த நாளின் நிலையைமட்டுமே சொல்கிறது; மறுநாளைக்கு அது பொறுப்பேற்பதில்லை. ஆகையால் அரசாங்கம் விழிக்கும்வரை நம் மக்கள் உறங்கவேண்டியதில்லை. பழைய கார் வைத்திருப்போரே! இந்த வாரமே காலடி விரிப்பை நீக்கிப் பிறேக் எண்ணெயைப் பாருங்கள். முன்சக்கரத்தை உயர்த்தி ஆட்டிப் பாருங்கள். கதவடியைத் தட்டிப் பாருங்கள். அரசாங்கம் செய்யாத சோதனையை நீங்கள் செய்யுங்கள். செய்தபின், அரசாங்கத்தைச் செய்யவைக்க எம்மோடு சேர்ந்து குரல் எழுப்புங்கள்.

புகைக்குச் சான்று கொடுத்தது போதும். இனி வண்டிக்குச் சான்று வேண்டும்.